துப்பாக்கிக்கு ஒரு வாரிசுச் சான்றிதழ்

சுவிட்சர்லாந்தின் வடக்கு எல்லையில் நொய்ஹவுசன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ரைன் ஆறு அங்கேதான் அருவியாக விழுகிறது. அருவி பார்க்க வருகிறவர்கள் பக்கத்துத் தொழிற்சாலையை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. 1853-ல் ரயில் பெட்டி செய்வதற்காகத் தொடங்கிய ஆலை அது. சில ஆண்டுகளிலேயே சுவிஸ் ராணுவம் புதிய துப்பாக்கிக்காக நடத்திய போட்டியில் கலந்துகொண்டு ஜெயித்தது. அன்றுமுதல் பெட்டியும் துப்பாக்கியும் ஒரே கூரையின் கீழ் உருவாயின. எஸ்.ஐ.ஜி. என்ற மூன்றெழுத்து அப்படித்தான் உலகத்துக்குப் பழகிப்போனது.

1970-களில் இந்த ஆலை எஸ்.ஜி. 540 என்ற ரைபிளைச் செய்தது. முக்கியமாக அயல்நாட்டுச் சந்தைக்கானது அது. உரிமம் பெற்று பிரான்சிலும் செய்தார்கள். அதன் வழியில் அடுத்து வந்தது எஸ்.ஜி. 550. 1983-ல் சுவிஸ் ராணுவம் இதைத் தேர்ந்தெடுத்து, சில ஆண்டுகளில் தன் வீரர்களுக்கு வழங்கத் தொடங்கியது. இந்த இரண்டு எண்களை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 540-க்கும் 550-க்கும் இடையில் இருக்கும் பத்து, பிற்பாடு இன்னொரு கண்டத்தில் ஆயிரக்கணக்கானோரின் தூக்கத்தைக் கெடுக்கப் போகிறது.

பொருளாகப் பார்த்தால் 550 நேர்த்தியான வேலை. தோட்டா போடாமல் நாலு கிலோவுக்குச் சற்று மேல் எடை. பின்கட்டை பக்கவாட்டில் மடங்கும். மேகசின் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக்கால் ஆனது. எத்தனை தோட்டா மிச்சமிருக்கிறது என்று திருப்பிப் பார்த்தாலே போதும். ஒரு மேகசினை இன்னொன்றோடு பக்கம் பக்கமாகப் பொருத்திக்கொள்ளச் சிறு குமிழ்களும் உண்டு. விசையைச் சுற்றியிருக்கும் காப்பு வளையத்தை ஒரு பக்கமாகத் திருப்பி ஒதுக்கிவிடலாம். ஆல்ப்ஸ் பனியில் தடித்த கையுறை போட்ட விரல் உள்ளே போக வேண்டுமே என்று யோசித்திருக்கிறார்கள். குளிர்நாட்டுக்காரர் ஒருவர் இதைக் கையில் எடுத்தால் ஆசைப்படுவார் என்பதில் ஆச்சரியமில்லை.

சுவிஸ் வீரர் தன் துப்பாக்கியை வீட்டுக்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார். பணிக்காலம் முடிந்தபின் விரும்பினால் சொந்தமாகவும் வாங்கலாம். ஆனால் அதற்குமுன் தொடர்ச்சியாகச் சுடும் வசதி நீக்கப்படும். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரே தோட்டா. அடுத்த தோட்டா தானே வந்து உட்காரும், ஆனால் விரலை விட்டு மறுபடி இழுத்தால்தான் வெடிக்கும். அரைத் தானியங்கி என்று சொல்வது இதைத்தான். பொதுமக்கள் சந்தைக்கென்று தொடக்கத்திலிருந்தே இப்படிச் செய்யப்பட்டவையும் உண்டு.

2000-ல் எஸ்.ஐ.ஜி. தன் ஆயுதப் பிரிவை இரண்டு ஜெர்மன் தொழிலதிபர்களிடம் விற்றுவிட்டது. நொய்ஹவுசன் ஆலைக்கு ‘சுவிஸ் ஆர்ம்ஸ்’ என்று புதுப் பெயர் வந்தது. அந்தப் பெயரைத் தாங்கி அட்லாண்டிக்கைக் கடந்து கனடாவுக்குப் போன பச்சை நிறத் துப்பாக்கிதான் ‘கிளாசிக் கிரீன்’. நம் கதாநாயகன் இவன்.

கனடாவில் எந்தத் துப்பாக்கி வந்திறங்கினாலும் மூன்று வகைகளில் ஒன்றில் அடைபட வேண்டும். முதல் வகை கட்டுப்பாடற்றது. பயிற்சி வகுப்பும் பின்னணி விசாரணையும் முடித்து லைசென்ஸ் எடுத்தவர் இதை வாங்கலாம், வேட்டைக்குக் கொண்டுபோகலாம். இரண்டாவது கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. இதைப் பதிவு செய்ய வேண்டும். நடைமுறையில் அங்கீகாரம் பெற்ற சுடுதளத்தில்தான் சுடலாம். மூன்றாவது தடை செய்யப்பட்டது. எந்த வகை என்பதைக் குற்றவியல் சட்டத்தின் 84-ஆம் பிரிவும் அதையொட்டிய ஒரு பட்டியலும் தீர்மானிக்கின்றன. சில விதிகள் அளவுகோலைப் பார்த்தே சொல்லிவிடலாம்: கிளாசிக் கிரீன் போன்ற அரைத் தானியங்கி ரைபிளின் குழல் 470 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அது இரண்டாம் வகை. இதில் யாருக்கும் குழப்பமில்லை.

குழப்பம் பட்டியலில் இருக்கிறது. 1989 டிசம்பர் 6 அன்று மொன்றியாலின் பாலிடெக்னிக் பொறியியல் கல்லூரியில் ஒருவன் ரூகர் மினி-14 என்ற அரைத் தானியங்கி ரைபிளோடு நுழைந்து, பெண்கள் என்பதற்காகவே 14 பெண்களைக் கொன்றான். அந்தப் படுகொலைக்குப் பின் வந்த ஆண்டுகளில் கனடா தன் துப்பாக்கிச் சட்டங்களை இறுக்கியது. பெயர் சொல்லித் தடை செய்யும் பட்டியல் 1990-களில் நீண்டது. எஸ்.ஜி. 550 அதில் இடம் பெற்றது. எஸ்.ஜி. 540 இடம் பெறவில்லை. (படுகொலைக்குப் பயன்பட்ட மினி-14 அடுத்த முப்பதாண்டுகளுக்கு வேட்டைத் துப்பாக்கியாகவே கடைகளில் விற்றது. பட்டியல்கள் எப்படி உருவாகின்றன என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் எனக்குத் தெரியாது.)

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு வால் உண்டு: அதன் மாற்று வடிவங்களும் திருத்திய வடிவங்களும் தடைக்கு உட்பட்டவையே. எது மாற்று வடிவம்? உறுப்புகளில் எத்தனை பங்கு ஒத்துப்போக வேண்டும்? ஒரே ஆலையில் பிறந்தால் போதுமா? தோற்றம் ஒத்திருந்தால்? சட்டம் இதற்கெல்லாம் இலக்கணம் சொல்லவில்லை. ஆக, கிளாசிக் கிரீன் கனடாவில் இறங்கியபோது அதன்முன் வைக்கப்பட்ட கேள்வி அது எவ்வளவு வேகமாகச் சுடும் என்பதன்று. அது யார் வாரிசு என்பதே. 540-ன் வழிவந்தது என்றால் கடைக்குப் போகலாம். 550-ன் வழிவந்தது என்றால் வைத்திருப்பதே குற்றம். தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்தவர்களுக்கு இந்த நிலைமையை நான் விளக்க வேண்டியதில்லை. வித்தியாசம், இங்கே மனுதாரர் இரும்பும் பிளாஸ்டிக்கும்.

சான்றிதழ் தரும் இடம் ஆர்.சி.எம்.பி. எனப்படும் மத்தியப் போலீசின் துப்பாக்கிப் பிரிவு. அங்கே ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள். உலகத்தில் செய்யப்படும் துப்பாக்கிகளை மாதிரி வாரியாக ஆராய்ந்து, இது இன்ன வகை என்று அதில் எழுதிவைப்பார்கள். இறக்குமதியாளர் புது மாதிரியை அவர்களிடம் கொடுக்க வேண்டும். நிபுணர்கள் குழலை அளப்பார்கள், பிரித்துப் பார்ப்பார்கள், தொடர்ச்சியாகச் சுடும்படி எளிதில் மாற்ற முடியுமா என்று சோதிப்பார்கள். இந்தக் கடைசிச் சோதனைக்குப் பின்னால் ஒரு தீர்ப்பு இருக்கிறது. சிறிது நேரத்தில் சுலபமாக மாற்றிவிட முடியும் என்றால் அதையும் தானியங்கியாகவே கருதலாம் என்று 1993-ல் உச்ச நீதிமன்றம் ‘மினி உஸி’ என்ற துப்பாக்கி பற்றிய வழக்கில் சொல்லிவிட்டது. பொறுப்பான வேலைதான், நாளாகும்தான். ஆனால் கடைக்காரர் பக்கம் நின்று பாருங்கள்: விளம்பரம் செய்தாயிற்று, முன்பணம் வாங்கியாயிற்று, வாடிக்கையாளர் ஃபோன் செய்து கேட்கும்போது ‘இன்னும் அட்டவணையில் ஏறவில்லை’ என்பதைத் தவிரச் சொல்ல எதுவுமில்லை. எப்போது ஏறும் என்று கேட்டால் அதற்கும் பதிலில்லை.

இன்னொரு வினோதம். அந்த அட்டவணை சட்டமே அல்ல, நிபுணர் கருத்து. அதன்படி ஒரு துப்பாக்கியை வாங்கிப் பத்தாண்டு வைத்திருந்தாலும், நிபுணர் தன் கருத்தை மாற்றிக்கொண்டால் அது தொடக்கத்திலிருந்தே தடை செய்யப்பட்டதாக ஆகிவிடும். வாங்கியவர் அறியாமலே குற்றவாளி. பல ஆண்டுகள் அந்த அட்டவணையைப் போலீசும் அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர்களும் மட்டுமே பார்க்க முடிந்தது. இப்போது எவரும் பார்க்கலாம்.

கிளாசிக் கிரீனுக்கு 2000-களின் தொடக்கத்தில் சான்றிதழ் கிடைத்தது: 540-ன் வாரிசு. நீளக் குழல் கொண்டவை கட்டுப்பாடற்றவை, குட்டைக் குழல் கொண்டவை கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. சுவிஸ் வீரர் இருபதும் முப்பதும் போடுகிற மேகசினில் கனடாக்காரர் ஐந்துக்குமேல் போடக் கூடாது; அது இதுபோன்ற அரைத் தானியங்கி ரைபிள்களுக்கு உள்ள பொது விதி. விலை சில ஆயிரம் டாலர். எல்லோரும் வாங்கக்கூடியதன்று. பத்தாண்டுக்கும் மேலாக அது சுடுதளங்களிலும் இரும்பு அலமாரிகளிலும் யாரையும் தொந்தரவு செய்யாமல் வாழ்ந்தது.

2014 பிப்ரவரி இறுதியில் சான்றிதழ் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. மறுபடி ஆராய்ந்ததில் இது 550-ன் வாரிசு என்று தெரியவந்ததாம். கூடவே செக் நாட்டு சி.இசட். 858 ரைபிளின் ஒரு பகுதியும் வேறொரு காரணத்துக்காகத் தடைக்குள் போனது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான வீடுகளில் சட்டவிரோத ஆயுதம். உரிய லைசென்ஸ் இல்லாமல் தடை செய்யப்பட்ட துப்பாக்கி வைத்திருந்தால் ஐந்தாண்டு வரை சிறை.

யார் யாரிடம் இருக்கிறது என்று அரசுக்குத் தெரியுமா? தெரியாது. கட்டுப்பாடற்ற நீளத் துப்பாக்கிகளுக்கான பதிவேட்டை அப்போது ஆட்சியில் இருந்த கன்சர்வேடிவ் அரசு 2012-ல் ஒழித்திருந்தது. கியூபெக் மாகாணம் வழக்குப் போட்டுத் தடுத்த பகுதி நீங்கலாக விவரங்களையே அழித்துவிட்டது. துப்பாக்கிக்காரர்கள் அதைக் கொண்டாடினார்கள். இப்போது நீளக் குழல் கிளாசிக் கிரீன் வைத்திருப்பவருக்கு ‘உங்கள் துப்பாக்கியின் வகை மாறிவிட்டது’ என்று ஒரு தபால் போடக்கூட வழியில்லை. செய்தி பார்த்துத் தெரிந்துகொண்டவர் தெரிந்துகொண்டார். காட்டோரம் குடியிருக்கிற, செய்தி பார்க்காத ஒருவர் அடுத்த வாரமும் வழக்கம்போல் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போயிருப்பார்.

பொதுப் பாதுகாப்பு அமைச்சர் ஸ்டீவன் பிளேனி கொதித்தார். அதிகாரிகள் எடுத்த முடிவு, ஏற்க முடியாது என்றார். அந்த அதிகாரிகள் அவர் துறைக்குக் கீழ்தான் வருகிறார்கள். மார்ச் 14 அன்று பொதுமன்னிப்பு ஆணை வந்தது: 2019 வரை வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போட மாட்டோம். விற்க முடியாது, சுட முடியாது. கையில் இருக்கிறது, ஆனால் இல்லை.

ஆணையால் ஆகாததைச் செய்யச் சட்டமே திருத்தப்பட்டது. 2015 ஜூனில் நிறைவேறிய சட்டத்துக்குப் பெயரே ‘பொதுப்புத்தித் துப்பாக்கி லைசென்ஸ் சட்டம்’. பெயரிலேயே வாக்குவாதத்தைத் தொடங்கும் வழக்கம் எல்லா நாட்டு அரசுகளுக்கும் உண்டு. நிபுணர் எதைச் சொன்னாலும், இந்தத் துப்பாக்கி கட்டுப்பாடற்றது என்று அமைச்சரவை விதிக்கலாம் என்பது அதன் சாரம். ஜூலை கடைசியில் கிளாசிக் கிரீன் பழைய வகைக்குத் திரும்பியது. கவனியுங்கள், அது 540-ன் வாரிசு என்று யாரும் நிரூபிக்கவில்லை. 550-ன் வாரிசாகவே இருக்கட்டும், தடையில்லை என்றார்கள். ஒன்றரை ஆண்டு அலைக்கழிப்புக்குப் பின் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில், கேள்வியைத் தூக்கிப் போட்டதுதான்.

துப்பாக்கி வைத்திருப்பவர்களின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. பணம் போட்டு வாங்கிய பொருளின் நிலை யாரோ எழுதும் ஒரு குறிப்பில் தொங்குகிறது என்றால் எவருக்கும் கோபம் வரும். ஆனால் அவர்கள் பேச்சில் ஒன்று எப்போதும் விடுபட்டுப்போகிறது. காத்திருந்தவர்கள் அவர்கள் மட்டுமல்லர். பாலிடெக்னிக் படுகொலையில் தப்பியவர்களும் இறந்தவர்களின் குடும்பத்தாரும் சேர்ந்த அமைப்பு, ராணுவத் துப்பாக்கிகளின் வழிவந்த அரைத் தானியங்கிகளைத் தடை செய்யுங்கள் என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கல்லூரியில் குண்டடிபட்டுப் பிழைத்த நதாலி புரோவோ அரசின் துப்பாக்கி ஆலோசனைக் குழுவில் துணைத் தலைவராக உட்கார்ந்து பார்த்துவிட்டு, எதுவும் நகரவில்லை என்று 2019-ல் வெளியேறினார். இரண்டு தரப்பும் ஒன்றையொன்று எதிரியாகப் பார்த்தாலும் இரண்டும் முட்டிக்கொண்டு நின்றது ஒரே கதவில். தாமதத்துக்குக் காரணம் மேசையில் இருந்த அதிகாரியின் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. விடை சொல்ல முடியாத கேள்வியைச் சட்டம் அவர் தலையில் கட்டியிருந்தது.

அந்த 2019-லேயே துப்பாக்கி பிறந்த நாட்டிலும் இதே விவகாரம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கடுமையான துப்பாக்கி விதிகளை ஏற்பதா என்று மே 19 அன்று சுவிஸ் மக்கள் வாக்களித்தார்கள். 63.7 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். ஆகஸ்டில் விதி அமலுக்கு வந்தது: பெரிய மேகசின் கொண்ட அரைத் தானியங்கிகளுக்குச் சிறப்பு அனுமதி வேண்டும், பணி முடிந்து ராணுவத்திடமிருந்து நேரடியாக வாங்கியதற்கு விலக்கு. பிடிக்காதவர்கள் நிறைய இருந்தார்கள், ஆனால் எது எந்தப் பக்கம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அங்கே மேகசினில் எத்தனை தோட்டா என்று எண்ணினார்கள். எண்ணுவது சுலபம்.

கனடாவில் லிபரல் அரசு, கன்சர்வேடிவ்கள் அமைச்சரவைக்குக் கொடுத்திருந்த அந்தத் தளர்த்தும் அதிகாரத்தைத் திரும்ப எடுக்க 2018-ல் மசோதா கொண்டுவந்து 2019 ஜூனில் நிறைவேற்றியது. வகைப்படுத்துவதில் அரசியல் தலையீடு கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம். ஓராண்டுகூட ஆகவில்லை. 2020 ஏப்ரல் 18, 19-ல் நோவா ஸ்கோஷியாவில் ஒருவன் 22 பேரைக் கொன்றான். அவனுக்கு லைசென்ஸ் கிடையாது. துப்பாக்கிகளில் பல அமெரிக்காவிலிருந்து கடத்தி வந்தவை. மே 1 அன்று பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ, அமைச்சரவை ஆணை மூலம் சுமார் 1500 மாதிரிகளைத் தடை செய்தார். ஒன்பது குடும்பங்களாகப் பிரித்திருந்தார்கள். ஏ.ஆர்-15 ஒரு குடும்பம். மினி-14 ஒரு குடும்பம், முப்பதாண்டு தாமதமாக. ஒன்பதில் ஒன்று சுவிஸ் ஆர்ம்ஸ் கிளாசிக் கிரீன். இம்முறை யாருடைய வாரிசு என்ற பேச்சே இல்லை. தன் சொந்தப் பெயரிலேயே, குடும்பத் தலைவனாகப் பட்டியலில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு வந்தவைதான் இனி அதன் மாற்று வடிவங்கள். ஆர்.சி.எம்.பி. அட்டவணையில் அப்படிப்பட்ட ‘மாற்று வடிவங்கள்’ ஏற ஏற, 1500 சில ஆண்டுகளில் 2000-ஐத் தாண்டியது.

தடை வந்த அன்றே பொதுமன்னிப்பும் வந்தது: 2022 ஏப்ரல் 30 வரை. அதற்குள் அரசு விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும் திட்டம் தயாராகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. 2023 அக்டோபர் 30 வரை நீட்டினார்கள். பிறகு 2025 அக்டோபர் 30. பிறகு 2026 அக்டோபர் 30. இடையில் 2024 டிசம்பரில் இன்னும் 324 மாதிரிகளும், 2025 மார்ச்சில் மேலும் 179-ம் பட்டியலில் சேர்ந்தன. கடைகளில் விற்காமல் கிடந்தவற்றை வாங்கும் வேலை 2024 இறுதியில்தான் தொடங்கியது. வீடுகளில் இருப்பவற்றுக்கான சோதனை ஓட்டம் 2025 இலையுதிர்காலத்தில் நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டனில்.

அந்த நேரத்தில் இந்தக் கோப்பு ஒரு தமிழரின் மேசையில் இருந்தது. 2025 மே மாதம் பொதுப் பாதுகாப்பு அமைச்சரான கேரி ஆனந்தசங்கரி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், தமிழர் விடுதலைக் கூட்டணியின் வீ. ஆனந்தசங்கரியின் மகன், டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதி எம்.பி. செப்டம்பரில் அவருடைய தனிப்பட்ட பேச்சு ஒன்று ரகசியமாகப் பதிவாகி வெளியே வந்தது. உள்ளூர்ப் போலீசாரால் இதை நடைமுறைப்படுத்த முடியுமா என்று அமைச்சரே அதில் சந்தேகப்பட்டிருந்தார். அப்படிப் பேசியது தவறு, திட்டத்துக்குத் தன் முழு ஆதரவு உண்டு என்று பிற்பாடு விளக்கம் கொடுத்தார். எதிர்க்கட்சியான கன்சர்வேடிவ்கள் ராஜினாமா கேட்டார்கள். பதினோராண்டுக்கு முன் அதே நாற்காலியில் இருந்த பிளேனி தன் அதிகாரிகளின் முடிவை வெளிப்படையாகவே திட்டினார். இவர் தன் அரசின் திட்டத்தைப் பற்றித் தனியே முணுமுணுத்தார். அதே ஆண்டு நதாலி புரோவோவும் லிபரல் எம்.பி.யாகி இணை அமைச்சர் நிலைப் பொறுப்பொன்றுக்கு வந்திருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே அரசுக்குள் இந்த விஷயத்தில் எத்தனை விதமான பொறுமையின்மை என்று விளங்கும்.

சட்டம் கேள்வியை மாற்றிக் கேட்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் முதன்முறையாக ஓர் இலக்கணம் கொடுத்தது: கைத்துப்பாக்கி அல்லாத அரைத் தானியங்கி, ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட தோட்டா கொள்ளும் கழற்றக்கூடிய மேகசினோடு வடிவமைக்கப்பட்டது என்றால் தடை. அளந்து சொல்லிவிடலாம், வம்சம் தேட வேண்டாம். ஆனால் அந்த விதி சட்டம் வந்தபின் வடிவமைத்துச் செய்யப்படுபவற்றுக்கு மட்டும். ஏற்கெனவே நாட்டில் இருப்பவை பழைய பட்டியலின் கீழ்தான். ஏற்கெனவே இருப்பவற்றையும் வளைத்துப் பிடிக்க, அந்தச் சட்டம் மசோதாவாக இருந்தபோதே 2022 நவம்பரில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள்; பழங்குடி அமைப்புகளும் வேட்டைக்காரர்களும் எதிர்த்தார்கள், மொன்றியால் ஹாக்கி அணியின் கோல்கீப்பர் கேரி பிரைஸ் கையில் துப்பாக்கியோடு படம் போட்டார், 2023 பிப்ரவரியில் திருத்தம் வாபஸ்.

அந்தச் சண்டையின் மையத்தில் இருந்தது எஸ்.கே.எஸ். என்ற பழைய சோவியத் ரைபிள். இரண்டாம் உலகப் போரின் முடிவில் உருவானது, மலிவானது. வடக்கில் பழங்குடிக் குடும்பங்கள் சாப்பாட்டுக்கு மான் வேட்டையாட அதைத்தான் எடுத்துப்போகின்றன. சில கொலைகளிலும் அதன் பெயர் அடிபட்டிருக்கிறது. அதைப் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்று 2025 மார்ச்சில் 179 மாதிரிகளைத் தடை செய்த அன்றும் அரசு முடிவு சொல்லவில்லை; நிபுணர் குழு ஆராயும், பழங்குடி மக்களிடம் கலந்து பேசுவோம் என்றார்கள். கிளாசிக் கிரீன் சில ஆயிரம் பேரின் பிரச்சினை. எஸ்.கே.எஸ். எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று சொல்லவும் யாரிடமும் பதிவேடு இல்லை.